தொரப்பள்ளிக்காரரின் துணிவு



தளியில் நடக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் இறைநம்பிக்கையும் துன்பக் காலத்துத் துணிவும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்புக்குப் பிரகலாதனைத் துணைக்கு அழைக்கலாம். அரிச்சந்திரனை அழைக்கலாம். விவிலியத்து யோபுவை அழைக்கலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இங்கிருந்து ஓசூர் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் தொரப்பள்ளி. அந்த ஊர் முன்சீப் சக்கரவர்த்தி வெங்கடாரிய ஐயங்காருக்கும் சிங்காரம்மாவுக்கும் 1878 டிசம்பர் 10ஆம் தேதி ஒரு பிள்ளை பிறந்தது. நோஞ்சான் பிள்ளை. ஓசூர் அரசுப் பள்ளியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போய், சென்னையில் சட்டம் முடித்து, 1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில் செய்தார். பிறகு அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானது உங்களுக்குத் தெரியும். ராஜாஜியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அவர் அரசியலை ஏற்காதவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். இருக்க வேண்டும். எனக்கும் அவரோடு கணக்குத் தீராத இடம் ஒன்று உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

அவர் எழுதிய 'குறை ஒன்றும் இல்லை' என்ற பாட்டு இங்கே எல்லார் வீட்டிலும் ஒலித்திருக்கும். 1967இல் கல்கி இதழில் வந்தது. கடையநல்லூர் வெங்கடராமன் இசையமைத்தார். சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்று மூன்று ராகங்களில் எம்.எஸ். சுப்புலட்சுமி அதைப் பாடி நாடெங்கும் கொண்டுபோனார். கல்யாண வீட்டிலும் கேட்கிறோம், காரியம் நடக்கும் வீட்டிலும் கேட்கிறோம். தொண்ணூறை நெருங்கிய ஒரு மனிதர், கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கும் கடவுளிடம் தனக்கு மனக்குறை எதுவும் கிடையாது என்று சொல்வதுதான் பாட்டின் பொருள்.

வசதியாக வாழ்ந்து முடித்தவர் வேறென்ன சொல்வார் என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நாற்பது வயது ஆகும் முன்பே மனைவி அலமேலு மங்கம்மா இறந்துபோனார். ஐந்து பிள்ளைகள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை ஒத்துழையாமை இயக்கத்துக்காக விட்டார். மகள் நாமகிரி இளம் வயதிலேயே கணவனை இழந்து தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். இன்னொரு மகள் லட்சுமியைக் காந்தியின் மகன் தேவதாஸுக்குக் கொடுத்தார். அந்த மருமகனும் 1957இல் மாமனாருக்கு முன்னே போய்விட்டார். சம்பந்தி காந்தியை 1948இல் சுட்டுக் கொன்றார்கள். வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா கூடவே இருந்தது. பல முறை சிறை. இதையெல்லாம் சுமந்தவர்தான் குறையில்லை என்று எழுதினார்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டில் வரும் கடவுள் ஏன் கண்ணுக்குத் தெரியாதவராக இருக்கிறார்? தத்துவ நூல்கள் சொல்லும் விடை ஒன்று உண்டு. இன்னொரு விடை சித்தூர் நீதிமன்றத்தில் கிடைக்கிறது. 1920களின் நடுவில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பக்தர் ஒருவர், திருப்பதிப் பக்கத்துக் கோவிலுக்குள் பக்தி மேலிட்டுப் போய்விட்டார். கோவிலைத் தீட்டுப்படுத்திய குற்றம் என்று வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். ராஜாஜி அப்போது வெள்ளைக்காரன் நீதிமன்றத்தைப் புறக்கணித்திருந்தார். வக்கீலாக நிற்பதில்லை என்பது அவர் விரதம். அந்த ஒரு மனிதருக்காக விரதத்தைத் தள்ளிவைத்து, கதர் உடையோடு சித்தூருக்குப் போய் மேல்முறையீட்டில் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தார். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் சாமியைப் பார்க்காமலே கும்பிட்டுத் திரும்பிய கோடிக்கணக்கான பேரில் ஒருவர் அந்த பக்தர். நாற்பது ஆண்டு கழித்து எழுதிய பாட்டில் அவருடைய குரலும் இருக்கிறது என்று கருதுபவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

அப்படிக் கேட்டால் ஒரு நெருடல் வரும். கோவிலுக்குள் விடாதவர்கள் நிம்மதியாக இருக்க, வெளியே நிற்பவர் மட்டும் குறையில்லை என்று பாடிக்கொண்டிருக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. இதற்கான பதிலைப் பாட்டில் தேடக்கூடாது. எழுதியவர் செய்த வேலையில் தேட வேண்டும்.

1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மழை பொய்த்த காலம். பஞ்சம் பிடித்த ஊர்களில் நூல் நூற்கவும் நெய்யவும் வேலை கொடுத்தது அந்த ஆசிரமம். எல்லாச் சாதிக்காரர்களும் அங்கே சேர்ந்து வாழ்ந்ததற்காகச் சுற்றுப்புறத்து மேல்சாதியாரின் பகையைச் சம்பாதித்தது. மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்று 'விமோசனம்' என்ற பத்திரிகை அங்கிருந்து வந்தது. கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில் வேலை பார்த்தார். 1937இல் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பேற்றதும், அக்டோபர் 1ஆம் தேதி முதல் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார். அன்றைக்கு ஓசூரும் தளியும் தேன்கனிக்கோட்டையும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல். ஆகவே அந்தச் சட்டம் இந்த மண்ணின் குடிசைகளில் நேராக வந்து விழுந்தது. கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார், வணிகர்கள் பொருமினார்கள்.

அதே 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கோவிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனார். அழைத்துப் போனவர்கள் மேலும், அனுமதித்தவர்கள் மேலும் வழக்குப் பாயும் நிலை. ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் பிறப்பித்து அவர்களைக் காத்தது, பிறகு அதைச் சட்டமாகவும் ஆக்கியது. அந்த அக்டோபரிலேயே அமைச்சரவை பதவி விலகிவிட்டது. சில மாதம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தக் கதவு இன்னும் எத்தனை ஆண்டு சாத்தியே கிடந்திருக்குமோ.

நான் சொல்ல வந்தது இதைத்தான். தன் இழப்புகளைக் குறித்து அவர் கடவுளிடம் முறையிடவில்லை. அடுத்தவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் குறித்து மனிதர்களிடம் முறையிடாமல் இருக்கவும் இல்லை. இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது கெட்டுப்போகும்.

நம் ஊரில் இதை நாம் நன்றாக அறிவோம். தளியில் ஒரே தெருவில் மூன்று மொழி கேட்கும். ஒரு வீட்டில் "கடவுள் இருக்கார்" என்பார்கள், அடுத்த வீட்டில் "தேவரு இத்தானெ", அதற்கு அடுத்த வீட்டில் "தேவுடு உன்னாடு". ராகி முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கும். பரண் கட்டி, டார்ச் லைட்டும் பட்டாசுமாக ராத்திரி முழுக்கக் காவல் இருந்தும், விடியும்போது பாதிக் கொல்லை மிதிபட்டுக் கிடக்கும். அந்தக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று "தேவரு இத்தானெ" என்று சொல்லிவிட்டு, மீந்த கதிரை அறுக்க அரிவாளை எடுக்கிறாரே, அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். அவர் நட்டத்தை மறுக்கவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டும் சொல்லவில்லை. இருப்பதைக் காப்பாற்றத் தேவையான பலத்தை அந்தச் சொல்லிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

அதே சொல்லை நட்டஈட்டு மனுவை வாங்க வேண்டிய ஒருவர் அந்த விவசாயியிடம் சொன்னால்? வேலை போன ஒப்பந்தத் தொழிலாளியிடம், அவரை வேலையை விட்டு நிறுத்தியவரே சொன்னால்? அப்போது அது பக்தி ஆகாது. தன் பொறுப்பைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துகொள்வதாகும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் பூத்த ரோஜா விற்க வழியில்லாமல் பறித்துப் பறித்துக் கொட்டப்பட்டது. பூவைப் பறிக்காமல் விட்டால் செடி கெடும். பறித்தாலோ வாங்க ஆள் இல்லை. சந்தை பெங்களூரில், நடுவில் எல்லை. வங்கிக் கடன் மட்டும் எல்லை பார்க்காமல் வளர்ந்தது. எல்லாம் நன்மைக்கே என்று அந்த நாளில் அந்த விவசாயியிடம் ஆறுதல் சொன்னவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும், துன்பப்படுகிறவர் தானாக வந்து சேர வேண்டிய இடம் அது. இன்னொருவர் கழுத்தைப் பிடித்து அங்கே தள்ளக்கூடாது.

இப்போது வேதாரண்யத்துக்கு வாருங்கள். கடவுளின் கண்ணுக்குத் தெரியாத திட்டம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், நான் சாஸ்திரத்தைக் காட்டமாட்டேன், அந்தச் சாலையைக் காட்டுவேன்.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பு எடுக்கப் புறப்பட்டார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். சித்திரை வெயில். அவருக்கு ஐம்பத்தொரு வயது, மூச்சிரைக்கும் உடம்பு. தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் கலெக்டர் தார்ன் போட்ட உத்தரவு காத்திருந்தது. ஊர்வலத்தாருக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று துண்டறிக்கை அச்சிட்டு ஊர் ஊராக அறிவித்திருந்தார்கள். தடியடிக்கு அஞ்சாதவனைப் பசியால் அடிக்கலாம் என்பது கணக்கு. புத்திசாலித்தனமான கணக்குதான்.

தொண்டர்கள் நடந்தார்கள். அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் சாலையோர மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. கட்டித் தொங்கவிட்டது யார் என்று போலீசாருக்குத் தெரியாது, சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது. இருட்டில் வந்து கட்டிவிட்டுப் போனவர்கள் சிறைக்குப் போகும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு வந்தவர்கள். அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஏப்ரல் 28ஆம் தேதி ஊர்வலம் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. 30ஆம் தேதி உப்பெடுத்து ராஜாஜி கைதானார். ஊர்வலத்தைத் தாங்கி நின்ற வேதரத்தினம் பிள்ளையின் சொத்தைப் பறித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. 

கடவுள் பசித்தவனுக்குப் படியளப்பான் என்பதை நாம் எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோம். எப்படிப் படியளக்கிறான்? அந்த மூட்டையைக் கட்டியது ஒரு மனிதக் கை. அந்தக் கைக்கு நடுக்கம் இருந்திருக்கும். வீட்டில் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், அடுப்பு வெளிச்சம் வெளியே தெரியாமல் சமைத்திருப்பார்கள். நடந்தவர்களின் நம்பிக்கை வீண்போகாமல் காத்தது, கட்டியவர்களின் துணிவு. இறைவனின் நோக்கம் நமக்குத் தெரிவதில்லை என்று சொல்லும்போது, அந்த நோக்கம் யார் கை வழியாக வந்தது என்பதும் பல நேரங்களில் நமக்குத் தெரியாமலே போகிறது. என்னைக் கேட்டால் அந்த ஊர்வலத்தின் பெரிய வீரர்கள் உப்பளத்துக்கு வராத அவர்கள்தான்.

கூட்டத்தோடு நடக்கும் துணிவு ஒன்று. தனியாக நிற்கும் துணிவு வேறு. 1942இல் காங்கிரஸ் முழுவதும் 'வெள்ளையனே வெளியேறு' என்று எழுந்தபோது, அது தவறு என்று சொன்னார் ராஜாஜி. முஸ்லிம் லீக்கின் பாகிஸ்தான் கோரிக்கையைப் பேசித் தீர்க்காமல் விடுதலை வராது என்றார். இருபது ஆண்டுகள் உயிரைக் கொடுத்து வளர்த்த கட்சியிலிருந்து அந்த ஜூலையில் விலகினார். சட்டமன்ற இடத்தையும் விட்டார். துரோகி என்று ஏசினார்கள். 1944 செப்டம்பரில் லீக்கோடு உடன்பாடு காண ராஜாஜி வகுத்த திட்டத்தையே காந்தி கையில் வைத்துக்கொண்டு லீக் தலைவர் ஜின்னாவிடம் பேசினார். பேச்சு முறிந்தது. 1947இல் நாடு ரத்தத்தில் பிரிந்தது. அப்போது மேற்கு வங்கத்துக்குக் கவர்னராகப் போகச் சொன்னார்கள், போனார். தான் முன்னமே சொன்னது நடந்துவிட்டதே என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை.

இனி, எனக்குக் கணக்குத் தீராத இடம். 1953இல் அவர் முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த கல்வித் திட்டம். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் ஒரு நாளில் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மற்ற நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பள்ளிக்கூடம் போதாத மாநிலத்தில் இருப்பதை இரண்டு வேளையாகப் பிரித்தால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். திராவிட முன்னேற்றக் கழகம் எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே காமராசர் பக்கத்தார் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து. செருப்புத் தைப்பவரின் மகனை மீண்டும் செருப்புத் தைக்கும் இடத்துக்கே அனுப்பும் வேலை அது. சித்தூரில் அந்த பக்தருக்காக வாதாடியவர் அதைக் காணாமல் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, காமராசர் முதல்வராகித் திட்டத்தைக் கைவிட்டார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இறைவனின் நோக்கம் கண்ணுக்குத் தெரியாதது என்று நம்புகிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. தெரியாதது என்றால் தனக்கும் தெரியாது என்று பொருள். நான் செய்வதெல்லாம் கடவுள் சித்தம் என்று எண்ணத் தொடங்கிவிட்டால் அங்கே நம்பிக்கை போய்ப் பிடிவாதம் உட்கார்ந்துவிடும். வேலூர்ச் சிறையில் 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை மூன்று மாதம் இருந்தபோது ராஜாஜி நாட்குறிப்பு எழுதினார். சுயராஜ்யம் வந்த உடனே நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் ஊழலும் பணத்தின் பலமும் மக்களை வாட்டும் என்று அதில் எச்சரிக்கிறார். விடுதலைக்கு இருபத்தைந்து ஆண்டு முன்னால்! அதற்கு மாற்றாக அவர் அங்கே நம்புவது எல்லாருக்குமான கல்வியை. நல்லொழுக்கமும் தெய்வ பயமும் அன்பும் சிறு வயதிலிருந்தே வளர வேண்டும் என்கிறார். அவ்வளவு தூரம் பார்க்க முடிந்த மனிதருக்கு முப்பது ஆண்டு கழித்துப் பக்கத்தில் இருந்தது தெரியவில்லை. இங்கே இருக்கும் மாணவர்களில் பலர், பெற்றோர் செய்யும் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று படிப்பவர்கள். ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் விடியற்காலைப் பேருந்து ஏறுகிறவர்களின் பிள்ளைகள் நீங்கள். உங்கள் படிப்பு முழு நாள் படிப்பாக இருப்பதற்குக் காரணம், ஒரு பெரியவரிடம் அவருடைய பெருமையை மதித்துக்கொண்டே, "ஐயா, இது தவறு" என்று சொல்லும் துணிவு பலருக்கு இருந்ததுதான்.

பதவி போன பிறகும் அவர் ஓயவில்லை. அவருடைய ராமாயணமான 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. 1959இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967இல் அக்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 44 இடம். 1971இல் வெறும் 8. தொழில் நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்ற, லைசென்ஸ், பர்மிட் ஆட்சி என்று அவர் எதிர்த்த முறையை நாடு 1991இல்தான் தளர்த்தியது. அவர் மறைந்து அப்போது ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டு.

1962இல் காந்தி சமாதான அறக்கட்டளையின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று அமெரிக்கா போனார். வயது எண்பத்துமூன்று. அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்கப் போனார். வெள்ளை மாளிகையில் கென்னடியைப் பார்த்துக் கேட்டார். அவர் கையில் பதவி இல்லை, படை இல்லை, பேரம் பேச எதுவும் இல்லை. இந்தக் கிழவர் சொல்லி வல்லரசு கேட்குமா என்று இங்கே சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வான்வெளியிலும் கடலடியிலும் சோதனை நடத்துவதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. அவர் போனதால்தான் போட்டார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதற்குப் பல காரணங்கள் இருந்தன. அவரும் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு விமானம் ஏறவில்லை. கேட்க வேண்டியது தன் வேலை என்று போனார், கேட்டார், திரும்பி வந்து அடுத்த கட்டுரையை எழுத உட்கார்ந்தார்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. ஆசிரியர்கள் மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போக வேண்டும், போகும்போது 1953ஐப் பற்றியும் அவர்களிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.